கதவில் மாட்டிய அட்டை

கப்பலில் போகிறவர்கள் இப்போதெல்லாம் என்னைத் தேடி வருகிறார்கள். எனக்குப் பிடித்து நடக்கிற காரியம் இல்லை இது. லிந்துலைப் பக்கம் யாருடைய மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் தகப்பன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் பதினான்கு வருடம் அப்படிப்பட்ட கப்பலில் வேலை பார்த்தவன். என்ன பெரிய வேலை? பயணிகள் தங்கும் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. பதினெட்டு அறை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். "நீங்க ஒலகத்தையே சுத்துனவராச்சே" என்பார்கள். நான் சுற்றிய உலகம் ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள். முதுகு போய், போதும் சாமி என்று ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கதவுகள் என்னை விட்டபாடில்லை.

போன ஞாயிறு வந்தவர்கள் தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளியும் அவருடைய மனைவியும். எங்கள் கல்யாணச் சேலையே அவர் கடையில் எடுத்ததுதான். அறுபது தாண்டிய மனுசர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருந்தார்.

"சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன். ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "முதலாளி, சோறு போடத்தானே கப்பல்ல அம்புட்டுப் பேரு இருக்காங்க. குக்கரும் வேணாம், இஸ்திரிப் பெட்டியும் வேணாம். நெருப்புக்குப் பயந்து ஏறும்போதே வாங்கி வச்சிருவாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. அதனால் கொஞ்சம் இறங்கி வந்து ஒழுங்காகச் சொன்னேன். சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற மருந்துக் குளிசைகள், பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி, இது மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். ஹலால் சாப்பாடு வேண்டுமென்று டிக்கெட் எடுத்தவரிடமே சொல்லிவிட வேண்டும், ஏறிய அன்றைக்கு இன்னொரு தடவை சாப்பாட்டு மண்டபத்தில் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் பழமும் பாண் ரொட்டியும்தான். கரையை விட்டு விலகியதும் போனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்த பிறகு பில்லைப் பார்த்து மயக்கம் வரும். ஊர் பார்க்க இறங்கினால் கப்பல் மணிக்கூட்டைப் பார்த்துத் திரும்புங்கள். ஹட்டன் பஸ் மாதிரி கையைக் காட்டினால் நிற்கிற சாமான் இல்லை அது. ஓடி வந்தவர்களைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"வாந்தி வருமாமே?" என்றார்.

"கினிகத்தேனை வளைவெல்லாம் பஸ்ல போயிட்டு வாறீங்கதானே? அதுக்கு வராத வாந்தி கடலுக்கு வராது. அப்புடி வந்தா வெளிய போயி தூரத்த பாத்துக்கிட்டு நில்லுங்க. ஒரு துண்டு இஞ்சி வச்சிக்கோங்க."

சாப்பாட்டு மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். போகும்போது கையைக் கழுவுங்கள், ஒருத்தர் கழுவாமல் கரண்டியைத் தொட்டால் கப்பல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். சும்மா கிடைக்கிறது என்று குவிக்காதீர்கள். கொஞ்சமாக எடுங்கள், பிறகு திரும்பிப் போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேல்தளத்து நாற்காலியில் காலையிலேயே துவாயைப் போட்டு இடம் பிடித்துவிட்டுத் தூங்கப் போகிற ஆட்கள் இருப்பார்கள், அந்தக் கேவலத்தைச் செய்யாதீர்கள். வேலை செய்கிறவர்களை விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். அறையைச் சுத்தம் செய்கிற அறைக்காரனிடம் பெயரைக் கேளுங்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். எனக்கு அந்தக் காலத்தில் வயிறு நிறைந்தது அதில்தான்.

முதலாளி எல்லாவற்றையும் எழுதினார். அதுவரை பேசாமல் இருந்த அவருடைய மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாம இருக்கைலயே வேத்து ஆம்புள ஒருத்தரு வந்து கட்டில விரிப்பாராமே. எனக்குக் கூச்சமா இருக்கு. வராதீங்கன்னு சொல்ல வழி ஏதும் இருக்கா?"

"இருக்கு. கதவுல ஒரு அட்டை கெடக்கும். அத வெளிப்பக்கம் மாட்டிட்டா…"

பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தேன். குசினியில் என் மனைவி எல்லோருக்கும் பால் போடாத பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பைச் சத்தமும் நின்றுவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் கப்பலில் போனது போன வருடத்துக்கு முந்திய வருடம். மகள் கொழும்பில் ஒரு பயண முகவரிடம் வேலை செய்கிறாள். அவளுக்குக் குறைந்த விலையில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. சிங்கப்பூர் வரை பிளேன், அங்கிருந்து நான்கு நாள் கப்பல். எனக்குக் கேட்டதுமே பற்றிக்கொண்டு வந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் கப்பல் பக்கம் போக மாட்டேன் என்று கத்தினேன். மகள் போனை வைத்துவிட்டாள்.

என் மனைவி அப்போது மலையிலிருந்து வந்து, தேயிலைக் கொழுந்துக் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லங்க. இத மட்டும் கேக்குறேன். நாலு நாளைக்கு என் கைக்கு வேல இருக்கக் கூடாது. நீங்க முழிச்சிக்கிட்டு என் பக்கத்துல ஒக்காந்திருக்கணும். அம்புட்டுத்தான்."

முழித்துக்கொண்டு என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பது மாதம் ஓடி ஓடி வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நான் தூங்குவேன். மனுசத் தூக்கமா அது! அவள் விடிய எழும்பிப் பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்து, மலை ஏறி, கொழுந்து நிறுத்துவிட்டுச் சாயங்காலம் வரும்போதும் நான் போர்வைக்குள்தான் கிடப்பேன். "அப்பா அசதில தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை விரட்டுவாள். முழித்திருக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்குத் துவாயில் யானை, முயல் எல்லாம் மடித்துக் காட்டுவேன். கப்பலில் பயணிகளின் கட்டிலில் அப்படி ஒன்று செய்து வைப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. பிறகு இரண்டு மாதம் முடியும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பதினான்கு வருடம் இப்படித்தான் குடும்பம் நடந்தது.

சரி, போவோம் என்றேன். நான்கு நாளும் முழித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன் என்று வாயால் சொன்னேன்.

கப்பலில் ஏறிய அன்றே எல்லாப் பயணிகளையும் ஒரு இடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு பிந்தித்தான் வருவார்கள். என் மனைவி மணிச் சத்தம் கேட்குமுன்பே போய் வரிசையில் முதல் ஆளாகக் கையைக் கட்டி நின்றாள். முப்பது வருடம் பெரட்டுக்குப் பிந்தாதவள், இதற்கா பிந்துவாள்? அதிகாரி அட்டையைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கினாள். முடிந்ததும் என் காதுக்குள் சொன்னாள்: "பேரு குடுத்தாச்சு. எந்த மலைக்குப் போகச் சொல்றாங்கன்னு கேளுங்க." நான் சிரித்துவிட்டேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேலே போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தூளா, இல்ல கூட்டி அள்ளுனதா?" என்றாள். அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் அவளுக்குச் சொன்னபடி நடந்துகொண்டது.

எங்கள் அறையைப் பார்க்கிற ஆள் வந்து கதவைத் தட்டினார். வேறு நாட்டுக்காரர், காதோரம் நரைத்த மனுசர். சிரித்துக்கொண்டே தன் பெயரைச் சொன்னார். ஆனால் நிற்கும்போது ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்திருந்தார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். மெத்தையைத் தூக்கித் தூக்கிப் போன முதுகு அது. ஐயோ, இந்த மனுசனிடமா நான் வேலை வாங்கப் போகிறேன்? நான் வேலை செய்த காலத்தில் எந்த அறைக் கதவிலாவது 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற அட்டை தொங்கினால் கடவுளுக்கு நன்றி சொல்வேன். பதினெட்டு பதினேழாகக் குறையும்.

அவர் போனதும் அந்த அட்டையை எடுத்து வெளியே மாட்டினேன். "நம்ம ரூமுக்கு ஆளு வேணாம் புள்ள. பாவம், அந்த மனுசனுக்கு ஒரு ரூமாவது கொறையட்டும்."

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். நானும் ஏதோ பெரிய புண்ணியம் செய்த மாதிரி, செத்த நேரம் முதுகைச் சாய்க்கலாம் என்று கட்டிலில் விழுந்தேன்.

விழுந்தவன் விழுந்தவன்தான். அந்த எஞ்சின் சத்தமும் லேசான ஆட்டமும் உடம்புக்குப் பழகியவை, தாலாட்டு மாதிரி என்னை அமுக்கிவிட்டன. எழும்புவேன், அவளோடு போய் அவசரமாக எதையாவது சாப்பிடுவேன். அதுகூட உட்கார்ந்து சாப்பிட மனம் வராமல் சுவரோரம் நின்றுகொண்டு. பயணிகளின் மேசையில் உட்காரக் கூடாது என்று பதினான்கு வருடம் பழகிய உடம்பு. "ஒக்காருங்களேன்" என்பாள். "இருக்கட்டும், நீ சாப்பிடு" என்பேன். திரும்பி வந்து படுப்பேன். "கடலப் பாக்க மேல போவோமா?" என்று முதல் நாள் கேட்டாள். செத்த நேரம் என்றேன். இரண்டாம் நாள் கேட்டாள். செத்த நேரம் என்றேன். மூன்றாம் நாள் அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த மூன்றாம் நாள் பின்னேரம் கதவு தட்டுகிற சத்தத்தில் முழித்தேன். அவள் குளியலறையில் இருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அந்த அறைக்காரர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இங்கிலிஷில் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தவறு என்றேன்.

"மூன்று நாளாக என்னை உள்ளே விடவில்லை. இந்த அறையில் இருப்பவர்களோடு என்ன பிரச்சினை என்று மேற்பார்வையாளர் கேட்கிறார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா தினமும் காலையில் என் வண்டியிலிருந்து துணியும் சவர்க்காரப் போத்தலும் வாங்கிப் போகிறார்கள். பயணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. கையைக் கூப்பினார்கள், மறுக்க முடியவில்லை. தயவு செய்து வெளியே சொல்லிவிடாதீர்கள்."

திரும்பி அறையைப் பார்த்தேன். அவள் பக்கத்துப் படுக்கை விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. கண்ணாடி பளபளத்தது. குளியலறைக் கதவைத் தள்ளினேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலில் உட்கார்ந்து என் மனைவி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைத்தொட்டியில் துவாய்கள் ஊறின. முதல் நாள் துவைத்தவை மேலே கம்பியில் காய்ந்தன.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஒனக்கு மூள இருக்கா? கப்பல்ல வந்து எவளாவது தரை தேப்பாளா? எவனாவது பாத்தா என்ன நெனைப்பான்?"

அவள் துணியைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். சத்தம் போடவில்லை.

"ஆளு வேணாம்னு அட்டைய மாட்டுனது நீங்கதானே? ஆளு வராட்டி வேலைய யாரு செய்யிறது? அந்த மனுசன் முதுகு ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சு. சரி, நான் செய்யத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்கடி ஒன்னைய செய்யச் சொன்னேன்?"

"வீட்டுல சொல்லியா செய்யிறேன்?" என்றாள். "பக்கத்துல ஒக்காருங்கன்னு கேட்டேன். தூங்குறீங்க. சும்மா எம்புட்டு நேரம் சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறது? அதான் கைக்கு ஒரு வேல வச்சிக்கிட்டேன்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அறைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒரு மனுசனுக்கு ஒரு அறை குறையட்டும் என்று பார்த்தேன். அந்த அறையை அப்படியே தூக்கி என் மனைவி தலையில் வைத்துவிட்டேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு வருடமும் தோன்றியிருக்காது.

அட்டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். "உள்ள வாங்க. எல்லாத்தையும் நீங்களே செய்யுங்க. இவ மேல தப்பு இல்ல, என்னோட தப்பு" என்று அவரிடம் தமிழும் இங்கிலிஷுமாக உளறிவிட்டு, அவள் கையைப் பிடித்து மேல்தளத்துக்குக் கூட்டிப் போனேன். கை ஈரமாகவே இருந்தது.

மேலே ஒரு நாற்காலியும் காலியில்லை. பாதி நாற்காலிகளில் ஆளே இல்லை, துவாய்தான் உட்கார்ந்திருந்தது. நான் அதுவரை ஒரு பயணியின் சாமானைத் தொட்டவன் இல்லை. அன்றைக்கு இரண்டு துவாயை எடுத்து மடித்துக் கீழே வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். "யாராவது ஏசப் போறாங்க" என்றாள். "வரட்டும், நான் பேசிக்கிறேன்" என்றேன். அப்படி ஒரு வெறி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்கால வெயில், முன்னால் கடல். ஏதாவது பேச வேண்டும் என்று தேடினேன். இத்தனை வருடம் பேசாமல் விட்டதில் எதை முதலில் எடுப்பது? "அந்தா பாரு, தூரத்துல ஒரு கப்பல் போகுது" என்றேன். திரும்பிப் பார்த்தால் அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள். மூன்று நாள் தரை தேய்த்த உடம்பு. அதற்கு முன்னால் முப்பது வருடம். எழுப்ப வாய் வரவில்லை. வெயில் போகும் வரைக்கும் தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் எங்கள் லயத்தில் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். துவாய்க்காரர்கள்கூட வரவில்லை, அல்லது வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அறைக்குத் திரும்பினால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கட்டிலின் நடுவில், அவள் படுக்கிற பக்கமாகப் பார்த்து, வெள்ளைத் துவாயில் ஒரு யானை. நல்ல கை அந்த மனுசனுக்கு. தும்பிக்கை கொஞ்சமும் சரியாமல் நின்றது.

அவள் கிட்டே போய்த் தொடாமல் பார்த்தாள். "புள்ளைங்களுக்குச் செஞ்சி காட்டுவீங்களே, அதுதானே?"

"ம்."

"கப்பல்ல எம்புட்டுக் கட்டில்ல வச்சிருப்பீங்க?"

"அதுக்குக் கணக்கிருக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு வச்சது யாரோ ஒரு மனுசன்" என்றாள்.

கோபமாகச் சொன்னால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சும்மா சொன்னாள். இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கப்பல் துவாயை வெளியே எடுக்கக் கூடாது என்று நானே சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்குச் சட்டம்தான் முந்திக்கொண்டு வந்தது. மறுநாள் காலை, இறங்குமுன் அவள் அந்த யானையைப் பக்குவமாகப் பிரித்து, நாலாக மடித்து, மற்றத் துவாய்களோடு அடுக்கி வைத்தாள்.

இதையெல்லாம் முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் எப்படிச் சொல்வது? அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார். அதற்குள் என் மனைவி தட்டில் பிளேன்டியோடு வந்துவிட்டாள். முதலாளியின் மனைவி கோப்பையை வாங்கிக்கொண்டு அவளைக் கேட்டார்.

"நீங்களும் போனீங்கதானே தங்கச்சி? எப்புடி இருந்துச்சு கப்பலு?"

"நல்லா இருந்துச்சு ராத்தா" என்றாள் என் மனைவி. "இவரு நாலு நாளும் நல்லா தூங்குனாரு."

முதலாளி சிரித்தார். நல்ல ஓய்வுதானே, அதுக்குத்தானே போறது என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பதினான்கு வருடமாகப் பக்கத்து லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள், அதே குரலில்.

"அட்டையப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க தம்பி" என்று முதலாளி நினைவுபடுத்தினார். "மாட்டிட்டா வர மாட்டாங்க, அதானே? எழுதவா?"

"அத மாட்டாதீங்க முதலாளி" என்றேன். "கூச்சமா இருந்தா ரெண்டு பேருமா மேல போயி ஒக்காந்துக்கிருங்க. அட்டைய மட்டும் மாட்டாதீங்க."

அவர் ஏன் என்று கேட்டார். என் மனைவி காலிக் கோப்பைகளை எடுக்கக் குனிந்தாள். நான் எழும்பி அவள் கையிலிருந்து தட்டை வாங்கினேன்.

"நீ ஒக்காரு" என்றேன். அவள் உட்காரத் தெரியாமல் நின்றாள்.